அடுப்படி சந்தேகங்கள்

கேள்வி: இரட்டை அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தும் சமையலறை முழுக்கப் புகை. இடித்துவிட்டு வேறு கட்டலாமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அவசரப்பட வேண்டாம். அடுப்பு கங்காக இருக்கும்போது ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, விறகு வைக்கும் வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் குழாயில் பழுதில்லை, விறகுதான் ஈரம். இழுபடாவிட்டால் முதலில் விறகு வைக்காத இரண்டாவது அடுப்பான கொடியடுப்பைப் பாருங்கள். முன்னடுப்பில் சோறு கொதிக்க, அது சும்மா திறந்து கிடக்கும். குழாய் அதன் வழியாக அறைக் காற்றையே உறிஞ்சும். நெருப்பிலிருந்து வரும் புகைக்கு இழுப்பு இருக்காது. பொருந்துகிற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மூடுங்கள், குளிக்கச் சுடுதண்ணியும் ஆயிற்று.

அடுத்தது குமிழ். புகைபோக்கி இல்லாத அடுப்பில் பாத்திரத்தைத் தூக்கிப் பிடிக்க மூன்று குமிழ் வேண்டும். புகை அந்த இடைவெளியில்தான் வெளியேறும். பழக்கதோஷத்தில் கொத்தனார் புகைபோக்கி அடுப்பிலும் அதை வைத்துவிடுகிறார். களிமண் பூசி மட்டமாக்கினால் பாத்திரம் படிந்து உட்காரும்.

இரண்டும் சரியென்றால் குழாயில் கரி அடைத்திருக்கும். அடுப்பு ஆறியபின், கயிற்றில் கட்டிய சாக்குச் சுருணையை மேலிருந்து விட்டு இழுத்து எடுங்கள். தினமும் எரிக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை தேவை. குழாய் கூரைக்கு மேல் இரண்டடியாவது நிற்கட்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் விறகு எரியவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், தென்காசி

பதில்: பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு போய்விடும், மிச்சம் புகை. சீமைக்கருவேலமோ சவுக்கோ, கோடையிலேயே இரண்டு விரல் கனத்துக்குப் பிளந்து, செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே தகரம் போதும். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். நுனி மட்டும் எரியட்டும், எரிய எரியத் தள்ளுங்கள். வாய் நிறையத் திணித்தால் காற்றுக்கு வழியில்லை. கங்கின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஆவியாகி ஒரேயடியாகப் பற்றி முகத்துக்கு வரும்.

கேள்வி: சமைத்து முடித்த கங்கைச் சட்டியில் அள்ளி, இரவில் அறைக்குள் குளிர்காய வைக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடாது. புகை நின்ற கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும், நிறமில்லை, வாசனையில்லை. மூடிய அறையில் தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். உங்கள் மலையிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. கங்கின் மேல் தண்ணீர் தெளித்து அணைத்து வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் மறுநாள்கூட நெருப்பு இருக்கும், பிளாஸ்டிக் வாளியில் அள்ளாதீர்கள்.