படைவீரர்களின் தலைக்காயம்: அமெரிக்கப் பரிசோதனை முறை குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குத் தலைக்காயம் உண்டா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் கண்டறிகிறார்களா?

முதற்கட்டத்தில் ஸ்கேன் கிடையாது, கேள்விகள் மட்டுமே. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் இராக், ஆப்கானிஸ்தான் போர்முனைகளில் பணியாற்றி, முன்னாள் படைவீரர் நலத் துறையின் மருத்துவமனைகளுக்கு வருவோரிடம் 2007 முதல் இக்கேள்விகள் கேட்கப்படுகின்றன. குண்டுவெடிப்பு, வாகன விபத்து, கீழே விழுதல் போன்றவை நேர்ந்தனவா, உடனே நினைவு தப்பியதா அல்லது தலை கிறுகிறுத்துத் திகைத்து நின்றாரா, அதன்பின் தலைவலி, மறதி, எரிச்சல், தூக்கமின்மை தோன்றினவா, அவற்றில் ஏதேனும் கடந்த ஒரு வாரத்திலும் இருந்ததா என நான்கு படிகளாக விசாரிப்பார்கள்.

நான்கிற்கும் ‘ஆம்’ என்றால் மூளைக் காயம் உறுதியா?

இல்லை. போரின் மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பும் அதே தூக்கமின்மையையும் எரிச்சலையும் கவனச் சிதறலையும் உண்டாக்கும். ஒருவருக்கே இரண்டும் இருப்பது மிகச் சாதாரணம். ஆகவே அவர் நிபுணரின் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே 22 அறிகுறிகளின் கடுமை தனித்தனியே அளக்கப்படுவதுடன், காயம் நேர்ந்த விதமும் விரிவாகக் கேட்டறியப்படுகிறது. முதல் தாளையே நோய்ச்சான்றாகக் கருதிக் கலங்கும் குடும்பத்தினருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கேன் இயல்பாக இருந்தால் பாதிப்பில்லை என்றுதானே பொருள்?

அப்படியன்று. சுயநினைவு தப்பியிருந்த நேரம் 30 நிமிடத்தைத் தாண்டாமலும், குழப்பநிலை 24 மணி நேரத்துக்குள் தெளிந்தும், ஸ்கேன் இயல்பாகவும் இருப்பதையே லேசான மூளைக் காயம் என மருத்துவம் வரையறுக்கிறது. படையினரிடம் காணப்படும் மூளைக் காயங்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீரரே சொன்னால் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. சக வீரர்களைப் பிரிய மனமில்லாமல் அறிகுறிகளை மறைப்போர் பலர். அதனால்தான் 2010-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, வெடிப்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர் முறையிடாவிட்டாலும் அவரைப் பரிசோதித்தாக வேண்டும் என விதித்தது. களத்திலேயே ஐந்து சொற்களைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் செய்வார்கள். எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்வார்கள். உடலின் சமநிலையையும் பார்ப்பார்கள். 2020 ஜனவரியில் இராக்கின் அல் அசாத் தளத்தை ஈரானிய ஏவுகணைகள் தாக்கியபோது, அமெரிக்கர் எவருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைக் காயம் கண்டறியப்பட்டது. வெளியில் ஒரு கீறலும் இல்லாதவரையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டுக்கணக்கில் பீரங்கிப் பயிற்சி அளித்தவருக்கு இக்கேள்விகள் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தா. குறிப்பிட்ட ஒரு நிகழ்வைத்தான் அவை தேடுகின்றன. சிறு சிறு அதிர்வுகளைத் திரும்பத் திரும்பத் தாங்கியவரிடம் சுட்டிக்காட்ட அப்படியொரு நாள் இருக்காது. அவர் எந்த ஆயுதத்தை எத்தனை காலம் கையாண்டார் என்பதை எழுதிக் கொடுத்து, பரிசோதனைத் தாளில் ‘பாதிப்பில்லை’ என்று வந்திருந்தாலும், மருத்துவரிடம் முழு மதிப்பீடு கேட்பதே நல்லது.