லைக் பண்ணிய 3,000 பாட்டையும் எப்படிப் பிரித்து வைப்பது?

“பாட்டுச் செயலியில் லைக் பண்ணியது 3,000 பாட்டு, கேட்க நினைத்தது மட்டும் கிடைப்பதில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். அடுக்குவதற்கு முன்னால் தேடலைப் பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். நாம் இசையமைப்பாளர் பெயரை வைத்துப் பாட்டை நினைவில் வைக்கிறோம், செயலியோ பாடகர், இசையமைப்பாளர் எல்லாரையும் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்றே போடும். போதாததற்கு இளையராஜா பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது. அதனால் பத்தாண்டு, இசையமைப்பாளர் என்று பிரிக்கிற ஆசையை நான் விட்டுவிட்டேன்.

எப்போது கேட்கிறேனோ அதுதான் என் பிளேலிஸ்ட் பெயர். ‘காலை மெட்ரோ’வில் 40 பாட்டு, அதற்கு மேல் ஏற்றுவதில்லை. வடசென்னை விம்கோ நகரில் ஏறினால் தண்டையார்பேட்டை வருவதற்குள் ரயில் சுரங்கத்தில் இறங்கிவிடும், சிக்னலை நம்பாமல் வீட்டு வைஃபையிலேயே டவுன்லோட் செய்துகொள்வேன். ‘ஞாயிறு மீன் குழம்பு’ அம்மாவுக்கு, அதில் கை வைத்தால் சண்டைதான்.

கானாவுக்கு மட்டும் தனி பிளேலிஸ்ட் கட்டாயம். எங்கள் ராயபுரம், வியாசர்பாடிப் பக்கத்துப் பாடகர்கள் பெரும்பாலும் ஆல்பமாக விடாமல் ஒற்றைப் பாட்டாக விடுவதால், அன்றைக்கே சேர்க்காவிட்டால் அப்புறம் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

அப்புறம், சில பாட்டு திடீரென்று சாம்பல் நிறமாகிவிடும், அழுத்தினாலும் பாடாது. பெரும்பாலும் உரிமம் முடிந்திருக்கும். அதே பாட்டு வேறு தொகுப்பில் இருக்கிறதா பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் தவறிப்போய் பிளேலிஸ்ட்டையே அழித்துவிட்டால் 90 நாளுக்குள் இணையதளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய் மீட்டுக்கொள்ளலாம்.