பதினைந்தாவது தெரு முனை ஹோட்டல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1876 அமெரிக்கத் தேர்தல் பற்றி நீங்கள் எழுதியதில், 'வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசி முடித்தார்கள்' என்று ஒரு வரி வருகிறது. அந்த ஹோட்டலை நடத்தியவர் ஜேம்ஸ் வொர்ம்லி என்ற கறுப்பினத்தவர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் இருபத்தைந்து வருடம் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றவன். எங்கள் ஆட்களைப் பெயர் சொல்லி யாரும் எழுதுவதில்லை. நீங்களும் விட்டுவிட்டீர்கள். இன்னொன்றும் கேட்கவேண்டும். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குக் காவலாக இருந்த மத்தியப் படை ஒதுங்கிக்கொண்டால் ஹேஸ் ஜனாதிபதியாகலாம் என்பதுதான் அங்கே பேசிய பேரம். தன் மக்களைக் கைவிடும் அந்தப் பேரத்துக்குத் தன் கூரையின் கீழேயே இடம் கொடுத்த ஒருவரை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

குற்றச்சாட்டு சரிதான். எழுதும்போது பெயர் தெரியும். வாக்கியம் நீளுகிறதே என்று வெட்டினேன்.

வொர்ம்லி 1819இல் வாஷிங்டனில் பிறந்தவர். அடிமையாக அல்ல, சுதந்திர மனிதராக. அப்பா வாடகைக் குதிரைவண்டி வைத்திருந்தார், பையன் அதை ஓட்டினான். 1835இல் வெள்ளையர் கும்பல் ஒன்று அந்த ஊரில் கலவரம் செய்தது. பெவர்லி ஸ்னோ என்ற கலப்பினத்தவரின் உணவகத்தை நொறுக்கினார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்காக வொர்ம்லியின் சகோதரி மேரி தொடங்கிய பள்ளியையும் சூறையாடினார்கள். ஜேம்ஸுக்கு அப்போது பதினாறு வயது. ஸ்னோ ஊரைவிட்டே போனார். நன்றாக நடக்கும் உணவகம் ஒரே நாளில் என்ன ஆகும் என்று பார்த்த அதே பையன், பின்னாளில் அதே ஊரில் அதே தொழிலுக்கு வந்தான். எனக்கு இது அந்த 1877 பேரத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நடுவில் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனார், மிசிசிப்பி நீராவிப் படகில் ஸ்டூவர்டாக இருந்தார். அந்த வேலை என்னவென்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. திரும்பி வந்து ஐ தெருவில் விருந்துச் சமையல் தொழில் தொடங்கினார். பக்கத்திலேயே மனைவி அன்னாவின் மிட்டாய்க் கடை.

1868இல் ரெவர்டி ஜான்சன் அமெரிக்கத் தூதராக லண்டன் போனபோது வொர்ம்லியையும் கூட்டிப்போனார். வொர்ம்லி தன்னோடு டெர்ரப்பின் ஆமைகளைக் கொண்டுபோனார். செசபீக் விரிகுடாப் பக்கத்து உப்பங்கழிகளில் கிடைப்பவை, அன்றைய வாஷிங்டன் விருந்துகளின் பெருமை. வேகவைத்து, ஓட்டைப் பிரித்து, இறைச்சியைக் கையால் ஆய்ந்து எடுக்கவேண்டும். பித்தப்பை உடைந்துவிட்டால் அத்தனையும் கசந்துபோகும். வெண்ணெயும் ஒயினும் சேர்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சரி, விருந்து ஜெயித்தது, உடன்படிக்கை ஜெயிக்கவில்லை. ஜான்சன் பிரிட்டனோடு பேசிக் கையெழுத்திட்டதை 1869இல் செனட் 54க்கு 1 என்று தள்ளிவிட்டது. எதிர்த்து முழங்கியவர் செனட்டர் சார்ல்ஸ் சம்னர். அவரும் வொர்ம்லியின் நண்பர்தான்!

1871இல் பதினைந்தாவது தெருவும் எச் தெருவும் சந்திக்கும் முனையில் ஹோட்டல் திறந்தார். வெள்ளை மாளிகையிலிருந்து நடந்தே வரலாம். மின்தூக்கி, தொலைபேசி என்று அந்த ஊரில் எது புதிதாக வந்தாலும் முதலில் வாங்கிப்போட்ட ஹோட்டல்களில் அதுவும் ஒன்று. செனட்டர்களும் அயல்நாட்டுப் பிரமுகர்களும் தங்கினார்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்வி. அங்கே ஜனாதிபதியை மாநிலங்களின் தேர்வாளர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தேர்வாளர் வாக்கு, குடியரசுக் கட்சியின் ஹேஸுக்கு 165. தேவை 185. மிச்சம் 20 தகராறில் இருந்தது. 1877 பிப்ரவரி 26 அன்று ஹேஸ் தரப்பு ஒஹையோக்காரர்களும் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினரும் வொர்ம்லியின் ஹோட்டலில் கூடினார்கள். பின்னாளில் ஜனாதிபதியான கார்ஃபீல்டும் வந்திருந்தார். ஹேஸ் பதவியேற்பதைத் தெற்கத்தியர் மறிப்பதில்லை, பதிலுக்கு லூசியானாவிலும் தென் கரோலினாவிலும் மத்தியப் படை ஒதுங்கிக்கொள்ளும் என்பது பேச்சு. ஏப்ரலில் படை ஒதுங்கியது. அங்கிருந்த கறுப்பின வாக்காளர்களைக் காக்க ஆளில்லாமல் போனது. அதற்கு முன்பே பேச்சு பெரும்பாலும் முடிந்திருந்தது, அன்றைய கூட்டம் முத்திரை குத்தத்தான் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

வொர்ம்லி கதவைச் சாத்தியிருந்தால்? சில தெரு தள்ளி வில்லர்ட் ஹோட்டல் இருந்தது, அங்கே போயிருப்பார்கள். வரவேற்பு மேசையில் நின்ற உங்களுக்குத் தெரியாததா? அறை எடுத்தவர் உள்ளே என்ன பேசுகிறார் என்று மேலாளர் கேட்பதில்லை. தவிர, நான் பார்த்த கட்டுரைகள் அநேகமாகத் தொடாத ஒன்று உண்டு. தலைநகரவாசிகளுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கே கிடையாது, 1961 வரைக்கும். அந்த நகரத்துக் கறுப்பின ஆண்களுக்கு 1867இல் கிடைத்த உள்ளூர் வாக்கும் 1874இல் நகராட்சியையே கலைத்தபோது போய்விட்டது. ஜனாதிபதி யார் என்று பேசி முடித்த வீட்டின் சொந்தக்காரருக்கு அந்த விஷயத்தில் ஒரு வாக்குகூட இல்லை. அவரிடம் போய்க் கணக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கார்ஃபீல்டிடம் கேட்கலாம்.

1884இல் பாஸ்டனில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். மறு ஆண்டு ஜார்ஜ்டவுனில் கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். மேரியின் பள்ளி சூறையாடப்பட்டுச் சரியாக ஐம்பது ஆண்டு. ஹோட்டலை 1906இல் இடித்துவிட்டார்கள்.

பழைய பதிவில் 'ஒரு ஹோட்டலில்' என்றிருந்ததை இன்று காலை 'ஜேம்ஸ் வொர்ம்லியின் ஹோட்டலில்' என்று மாற்றிவிட்டேன். வாக்கியம் அப்படி ஒன்றும் நீளவில்லை.

அன்புடன்.