தினம் 30,000 வண்டி போகும் ரோட்டில் காபி கடை: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: வயது 38. ஒசூரில் தனியார் வேலை. ராணிப்பேட்டை–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில், ஆம்பூர் தாண்டி, பெங்களூரு போகும் பக்கமாக 20 சென்ட் இடம் வாடகைக்கு வருகிறது. மாதம் ரூ.80,000, அட்வான்ஸ் ரூ.8 லட்சம். டிரைவ்-த்ரூ (காரை விட்டு இறங்காமலே ஜன்னலில் வாங்கிப் போகும்) வசதியோடு காபி, டிபன் கடை போட ஆசை. கையில் ரூ.25 லட்சம் இருக்கிறது, 20 லட்சம் கடன் வாங்க வேண்டும். “டோல்கேட் கணக்குப்படி தினம் 30,000 வண்டி போகுது, நூத்துக்கு ஒண்ணு நின்னாலே 300 வண்டி” என்கிறார் புரோக்கர். டோக்கன் கொடுத்து இடத்தைப் பிடித்துவிடலாமா?

பதில்: இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் அந்த 30,000 என்பது வண்டியா, பிசியுவா (எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றிச் சொல்லும் அளவு) என்று புரோக்கரிடம் கேளுங்கள். நெடுஞ்சாலைப் போக்குவரத்தைப் பெரும்பாலும் பிசியுவில்தான் சொல்வார்கள். ரோடு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் அளவு அது. சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி ஒரு கார் 1, சிறிய சரக்கு வண்டி 1.5, பஸ் அல்லது லாரி 3, பல அச்சு லாரி 4.5 என்று கணக்கு. ஆக, 3,000 பெரிய டிரெய்லர் போனாலே 13,500 பிசியு வந்துவிடும். அதோடு பஸ், லாரி 3,000 என்றால் 9,000, சிறிய சரக்கு வண்டி 1,000 என்றால் 1,500. மிச்சம் 6,000தான் கார். இது உதாரணத்துக்குப் போட்ட பிரிவு. ஆனால் லாரி அதிகம் ஓடும் ரோட்டில் கணக்கு இப்படித்தான் உடையும்.

அந்த 6,000 காரும் இரண்டு திசைக்கும் சேர்த்தது. நடுவே மீடியன் இருப்பதால் சென்னை பக்கம் போகும் கார் உங்கள் கடைக்குத் திரும்பவே முடியாது. மிச்சம் 3,000. அதில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை போகும் கார்களை ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கழித்தால் 2,400. உங்கள் தொழிலுக்கு உண்மையான சந்தை இந்த எண்தான்.

இனி செலவுக்கு வருவோம். வாடகை 80,000. நீங்கள் ஜிஎஸ்டியில் வழக்கமான பதிவில் இருந்து, இட உரிமையாளர் பதிவு செய்யாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18% வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும். உரிமையாளர் பதிவு பெற்றவர் என்றால் அவரே பில்லில் போடுவார். எப்படியானாலும் 5% வரியில் இயங்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி (வாடகை, சரக்கு போன்றவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டி) திரும்பக் கிடைக்காது. ஆக மாதம் 14,400 நேராகச் செலவில் போய்ச் சேரும். இடம் பார்ப்பவர்கள் பலர் இதைக் கணக்கில் வைப்பதே இல்லை. சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் கணக்கு மாறும், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆறு ஆள் சம்பளம் 96,000, கரண்ட்டும் பராமரிப்பும் 26,000, 20 லட்சம் கடனுக்கு 11% வட்டியில் ஐந்து வருடத் தவணை ஏறக்குறைய 43,500. மொத்தம் ரூ.2.60 லட்சம்.

ஒரு காருக்கு வரி நீங்கலாக 180 ரூபாய் பில், சரக்கு, பேக்கிங், கேஸ் போக 108 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். கையைக் கடிக்காமல் இருக்கவே தினம் 80 கார் உள்ளே வர வேண்டும். வேலையை விட்டுவிட்டு வரும் நீங்கள் மாதம் 50,000 வீட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால் 96 கார். 2,400ல் 96 என்பது 4%, அதாவது போகிற ஒவ்வொரு 25 காரிலும் ஒன்று. புரோக்கரின் “நூத்துக்கு ஒண்ணு” நடந்தால் 24 கார்தான் வரும்.

4% கிடைக்குமா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, எண்ணிப் பார்த்துவிடலாம். அதே திசையில், உங்கள் இடத்துக்கு முன்னும் பின்னும் 10 கிலோமீட்டருக்குள் உள்ள காபி, டிபன் கடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஓர் ஆள் ரோட்டில் போகும் கார்களை எண்ணட்டும், இன்னொருவர் கடைக்குள் திரும்பும் கார்களை எண்ணட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாளில் சொந்தக் கார், மஞ்சள் போர்டு டாக்சி, வேன் என்று தனித்தனிக் கோடுகள். காலை 6 முதல் இரவு 10 வரை, ஒரு செவ்வாய் அல்லது புதன், ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு. பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை வாரம் வேண்டாம். திரும்பிய கார்களை ரோட்டில் போன கார்களால் வகுத்தால் அந்தத் தடத்தின் நிஜ விகிதம் கிடைக்கும். பழகிய கடைக்கே 3% என்றால் புதுக் கடை அதற்கும் கீழேதான் தொடங்கும். ஆள் கூலி, சாப்பாடு சேர்த்து சில ஆயிரம் ஆகும். 8 லட்சம் அட்வான்ஸுக்கு முன்னால் அது பெரிய காசில்லை.

கூகுள் மேப்பில் சிவப்பு, பச்சைக் கோடு பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது வண்டியின் வேகத்தைக் காட்டுமே தவிர எண்ணிக்கையைக் காட்டாது. கடைகளுக்குக் காட்டும் ‘பிஸி நேரம்’ வரைபடமும் அந்தக் கடையின் சொந்த உச்சத்தோடு ஒப்பிட்டது. இரண்டு கடைகளை வைத்து ஒப்பிட உதவாது.

நேரத்தையும் பாருங்கள். சென்னையிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பிய குடும்பம் வேலூர் பக்கம் வரும்போதே 8.30 ஆகிவிடும், டிபன் அங்கேயே முடிந்துவிடும். ஆம்பூருக்கு மதியம் வருபவர் பிரியாணிக்காக நிற்பார். அதைத் தாண்டிய உங்கள் கடைக்கு மிஞ்சுவது 10 மணிக் காபியும் மாலைக் காபியும். மெனுவையும் ஆள் எண்ணிக்கையையும் இதற்கேற்பச் சுருக்கினால் செலவு இறங்கும்.

இடத்துக்குப் போய் நிற்கும்போது, மெயின் ரோட்டிலிருந்து சர்வீஸ் ரோடு எங்கே பிரிகிறது என்று பாருங்கள். அந்தத் திறப்பு உங்கள் இடத்தைத் தாண்டி இருந்தால், கடையைப் பார்த்தவரும் உள்ளே வர முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். போர்டைப் படித்து, முடிவெடுத்து, இடது லேனுக்கு வர 12 நொடியாவது வேண்டும் என்றால், திறப்புக்கு ஏறக்குறைய 265 மீட்டர் முன்பே போர்டு தெரிய வேண்டும். நடுவில் ஒரு புளியமரமோ நிற்கும் லாரிகளோ மறைத்தால் அந்தக் கார் போய்விட்டது.

டிரைவ்-த்ரூ பாதையை இந்த இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மணி நேரம் ஓட்டி வந்த குடும்பம் காலை நீட்டி இறங்கத்தான் பார்க்கும். அவர்களுக்கு வேண்டியது சுத்தமான கழிப்பறையும் நிழலில் பார்க்கிங்கும். ஒரு காருக்கு 6 மீட்டர் வீதம் எட்டு கார் வரிசைக்கே 48 மீட்டர் பாதை தேவை. ஜன்னலில் காருக்கு 2 நிமிடம் என்றால் மணிக்கு 30 கார்தான் நகரும். அந்தப் பணத்தைக் கழிப்பறையில் போடுங்கள். டிரைவ்-த்ரூ எடுபடுவது ஊருக்குள், காலையில் வேலைக்குப் போகும் பக்கத்தில்.

விகிதம் 4% தாண்டினால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். 3 முதல் 4 என்றால் வாடகையை 40,000க்குப் பேசுங்கள்; வரியோடு சேர்த்து மாதம் 47,200 மிச்சமாகி, கையைக் கடிக்காத அளவு 66 காருக்கு இறங்கும். அதற்கும் கீழே என்றால் இடத்தை விட்டுவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த இடத்துக்கு ரோட்டிலிருந்து நுழைவு அனுமதி இருக்கிறதா, அருகில் மேம்பாலம் வரப்போகிறதா. மேம்பாலம் வந்தால் உங்கள் கார்கள் தலைக்கு மேலே போய்விடும். குத்தகையைப் பதிவு செய்யுங்கள். நுழைவு அனுமதி கிடைக்காவிட்டாலோ மேம்பால வேலையால் வழி அடைபட்டாலோ லாக்-இன் காலம் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) செல்லாது, அட்வான்ஸ் 30 நாளில் திரும்ப வர வேண்டும் என்ற ஷரத்தை அதில் எழுதி வாங்குங்கள். கட்டுமானம் முடியும் மூன்று மாதத்துக்கு வாடகை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.