அக்கா மகளை ஸ்டாலில் நிறுத்தலாமா, ஏஜென்ட்டிடம் ஆள் எடுக்கலாமா?

கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் மணப்பெண் மேக்கப், மெஹந்தி வேலை செய்கிறேன். போன வருடம் ஏற்காடு கோடை விழாவில் குழந்தைகள் முகத்தில் புலி, பட்டாம்பூச்சி வரைந்து தரும் ஃபேஸ் பெயின்டிங் ஸ்டால் போட்டேன். தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. இந்த வருடம் கோடை விழாவுக்கும், ஆடியில் டவுனில் போடப்போகும் ஸ்டாலுக்கும் ஒரு ஹெல்பர் வேண்டும். ஏஜென்ட் ஒருவர் நாளுக்கு 900 ரூபாய், முன்பணம் 5,000 என்கிறார். ஆளை விழா அன்று காலையில்தான் காட்டுவாராம். என் அக்கா மகளுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறாள், அழகாக வரைவாள். அவளைக் கூட்டிப் போனால் லேபர் ஆபீசில் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து ஸ்டால்காரர் பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் அக்கா மகளை மே மாதம் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் ஹெல்பர் கணக்கில் அவளைச் சேர்க்காதீர்கள். சம்பளத்துக்கு நிற்கிற ஆள் 18 வயது முடிந்தவராக, நீங்களே நேரில் பார்த்துப் பேசி வைத்தவராக இருக்கட்டும். அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது லேபர் ஆபீஸ் இல்லை, "விழா அன்று காலையில்தான் காட்டுவாராம்" என்ற வரிதான். சேலத்தில் சிறு கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் தொழிலாளர் சட்ட விஷயங்களைச் சொல்லிக்கொடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முகம் காட்டாத ஆளுக்கு முன்பணம் கேட்டவர் எவரும் ஒழுங்காக ஆள் கொண்டுவந்து நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஒன்று, ஆள் வராது, "நாளைக்கு அனுப்புகிறேன்" என்பார். மலைமேல் நின்றுகொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? இல்லையென்றால் ஆள் வரும்; பார்த்தால் மீசை முளைக்காத பையனாக இருக்கும். "18 முடிஞ்சுது மேடம்" என்று ஓர் ஆதார் ஜெராக்ஸை நீட்டுவார். ஜெராக்ஸில் பிறந்த வருடத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பிறந்த தேதியைப் பார்க்காமல் யாரையும் ஸ்டாலுக்குள் விடாதீர்கள். மாட்டும்போது ஏஜென்ட் பக்கத்தில் இருக்க மாட்டார், ஸ்டால் பெயர் உங்களுடையது.

பணக் கதையையும் சொல்லியாக வேண்டும். விழா ஸ்டால் போட்ட ஒருவர், ஹெல்பர் பணத்தைத் திருடிவிட்டான் என்று என்னிடம் வந்தார். மேசையில் ஒட்டியிருந்த அவருடைய க்யூஆர் கோட் மேல், அதே அளவில் வெட்டிய இன்னொரு க்யூஆர் ஸ்டிக்கர். மத்தியானத்துக்கு மேல் வந்த பணமெல்லாம் வேறு கணக்குக்குப் போயிருந்தது. பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். கடைக்காரர் அவனுக்காக நாளுக்கு 900 கொடுத்திருக்கிறார், ஏஜென்ட் அவனுக்குப் பேசியது நாளுக்கு 400. அதிலும் பஸ் காசு, சாப்பாடு என்று ஏஜென்ட் பிடித்துக்கொண்டது போக, மூன்று நாள் நின்றதற்கு அவன் கண்ணில் பார்த்தது 700 ரூபாய். அவன் செய்தது தப்புதான், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். ஆனால் அவனைத் திருடன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இடையில் 1,500 ரூபாய்க்கு மேல் தின்றவர் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை.

சில ஏஜென்ட்டுகள் உங்களிடம் முன்பணம் வாங்கி, அதில் பாதியை ஹெல்பர் வீட்டில் கொடுத்து, "கழியும்வரை நான் சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும்" என்று பிடித்து வைப்பார்கள். முன்பணத்தைக் காட்டி ஓர் ஆளை இப்படிக் கட்டிப்போடுவதை 1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றம் என்கிறது. தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் 5,000 அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக வேண்டாம். இதே ஆசாமிகள், ஹெல்பருக்கு இ-ஷ்ரம் கார்டு (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு) போட்டுத் தருகிறேன் என்று 500 கேட்பார்கள். அந்தப் பதிவு இலவசம்.

இனி அக்கா மகள். 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்பதுதான் சட்டம். 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். மீறினால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து ஸ்டால்காரர் சொன்னது இதை வைத்துத்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு: தன் குடும்பத்தார் நடத்தும் தொழிலில் பிள்ளை கூடமாட உதவலாம். "குடும்பம்" யார் என்பதில்தான் நம் ஆட்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். சட்டம் சொல்கிற பட்டியல் இது: பிள்ளையின் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், அப்பாவுடன் பிறந்தவர்கள், அம்மாவுடன் பிறந்தவர்கள். அதோடு சரி. நீங்கள் அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, பட்டியலில் இருக்கிறீர்கள். இதே ஸ்டாலை உங்கள் ஓர்ப்படி போட்டு, அவர் கணவரின் அண்ணன் மகளைக் கூட்டிப் போகிறார் என்று வையுங்கள். அந்தப் பிள்ளை அவரையும் "சித்தி" என்றுதான் கூப்பிடும். ஆனால் அவர் கல்யாணம் ஆகி வந்த சித்தி, பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் கணவர் இருக்கிறார். தொழில் கணவரும் சேர்ந்து நடத்துவதாக இருந்தால் நிற்கும், ஓர்ப்படி தனியாக நடத்தினால் நிற்காது. அத்தைக்கும் இதே கதைதான். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை. முன்னவர் உண்டு, பின்னவர் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் மகள், பங்காளி வீட்டுப் பையன், "சொந்தப் பிள்ளை மாதிரி" வளர்த்த எதிர்வீட்டுப் பிள்ளை யாருக்கும் இந்த விலக்கு கிடையாது. நம் வாயில் ஒரே சொல் இரண்டு உறவுக்கு வரும், சட்டம் கூடப்பிறந்ததை மட்டும் பார்க்கும். ஆகவே அதிகாரி கேட்டால் "நான் சித்தி" என்று சொல்லாதீர்கள். "இவள் அம்மாவும் நானும் கூடப்பிறந்தவர்கள்" என்று சொல்லுங்கள்.

விலக்கு இருந்தாலும் அளவு உண்டு. பள்ளி நேரத்தில் கூடாது. மாலை 7 மணிக்குமேல் காலை 8 வரை கூடாது. ஓய்வு போக ஒரு நாளில் 3 மணி நேரத்துக்குமேல் கூடாது. கூலி கூடாது. பெரியவர் ஒருவர் நிற்க வேண்டிய இடத்தை அவளைக் கொண்டு நிரப்பக் கூடாது. மே மாதம் பள்ளி விடுமுறை, அதனால் காலையில் இரண்டு மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படப் பலகையைக் காட்டி, "உனக்குப் புலியா, முயலா?" என்று பிள்ளைகளிடம் கேட்கட்டும். பிறகு லேக்கையும் அண்ணா பூங்காவையும் சுற்றிப் பார்க்கட்டும். ஆடி வேறு. அப்போது பள்ளிக்கூடம் நடக்கும், டவுன் கூட்டம் இருட்டின பிறகுதான் வரும். ஆடியில் அவள் வீட்டுப்பாடம் எழுதட்டும்.

14 முதல் 18 வரை உள்ளவர்களை இந்த மாதிரி வேலைக்கு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆபத்தில்லாத வேலை என்றால் சட்டப்படி சரி. ஆனால் இடைவேளை சேர்த்து 6 மணி நேரம்தான், மாலை 7-க்குமேல் நிற்கக் கூடாது, அதற்கொரு பதிவேடு வேறு. ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில், வேடம் போட்டவர்கள் வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை அன்றைக்கு 7 மணிக்கு ஹெல்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? வேண்டாம், விடுங்கள்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, விழாவில் இடம் ஒதுக்கும்போதே ஸ்டால்காரர் கையில் கொடுத்திருக்கலாம். ஜூன் 12 வந்தால் ஆபீஸ் ஆபீஸாகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். ஆனால் ஐந்து நாளுக்கு ஓர் ஆள் வைக்கப்போகிற பெண் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஒரு ஆபீசில் கேட்டதற்குக் கடைப் பதிவு எண் என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். விழா ஸ்டாலுக்கு ஏது கடைப் பதிவு? போலீஸ் சரிபார்ப்பும் அப்படித்தான். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வேலைக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அது நிரந்தர வேலைக்காரரை மனதில் வைத்துச் செய்தது. உங்களுக்கு அது வேண்டுமென்றால் விழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே போடுங்கள். உங்கள் ஹெல்பர் ஊரார் பிள்ளைகளின் முகத்தைத் தொடப்போகிறவர், இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சரிபார்த்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நிற்க வேண்டும். திரை போட்ட ஸ்டால் வேண்டாம்.

ஆளை எங்கே தேடுவது? உங்கள் மெஹந்தி வேலைக்கு எப்போதாவது கைகொடுத்த பெண் இருந்தால் அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. வண்டி வேடிக்கைக்கு வேடம் போடும் குழுக்களிலும் கை பழகியவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி முழுக்கச் சளைக்காமல் நிற்பார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பெரியவர் முகத்துக்குப் போட்டுப் பழகிய பொருள் பிள்ளை முகத்துக்கு ஆகாது, உங்கள் டப்பாவைத் தவிர வேறு டப்பா ஸ்டாலில் இருக்கக் கூடாது. "நான்-டாக்ஸிக்" என்று எழுதியிருக்கிற போஸ்டர் கலரும் அக்ரிலிக்கும் காகிதத்துக்கு, தோலுக்கு அல்ல. கைவேலைக்கு விற்கிற ஜிகினாத் தூளும் அப்படியே, கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறும்.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். முகத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். முகக் கணக்கில் நிற்கிறவர் ஸ்பாஞ்சைக் கழுவ மாட்டார். ஒரு பிள்ளையின் வியர்வையும் சளியும் ஊறின ஸ்பாஞ்சு, லேசாகப் பிழிந்து, அடுத்த பிள்ளையின் கன்னத்துக்குப் போகும். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, கழுவுகிற இரண்டு நிமிடத்துக்கு அவருக்குக் காசு இல்லை, அதனால்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்பாஞ்சு என்று காலையிலேயே அறுபது எழுபது துண்டு வெட்டி வைத்து, பயன்படுத்தியதைத் தனி வாளியில் போடச் சொல்லுங்கள். கண் சிவந்த பிள்ளை, முகத்தில் புண்ணோ சிரங்கோ உள்ள பிள்ளை வந்தால், "கையில் வரைந்து தரட்டுமா?" என்று கேட்கவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். நாள் கூலி வாங்குகிறவரால்தான் இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய முடியும். பிரஷ் கழுவும் தண்ணீருக்குச் சில்வர் டம்ளர் எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

எழுத்து வேண்டும். பத்திரப் பேப்பர் தேவையில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "நான் (பெயர், வயது, ஊர்), ஏற்காடு கோடை விழா ஸ்டாலில் (தேதி) முதல் (தேதி) வரை வேலை செய்யச் சம்மதிக்கிறேன். நாள் கூலி (ரூபாய்). சாப்பாடு, பஸ் செலவு, தங்கும் இடம் ஸ்டால்காரர் பொறுப்பு. முன்பணம் எதுவும் வாங்கவில்லை." இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பக்கங்களில் நாளுக்கு ஒரு வரி: வந்த நேரம், போன நேரம், கொடுத்த பணம், கையெழுத்து. அவருக்கு அடிபட்டால் "நாள் கூலிதானே" என்று நீங்கள் ஒதுங்க முடியாது, செலவு உங்களைத்தான் சேரும். அவர் வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் போகிற பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். அது ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு, ஆடி ஸ்டாலுக்கு முன் புதுப்பித்திருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

ஏற்காட்டில் கடைசி நாள் கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். "கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன கூலிதான் பிறகு என் மேசைக்கு வருகிறது. சாமான்களைக் கட்டும் முன், வெளிச்சம் இருக்கும்போதே நோட்டை எடுத்து, பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, கடைசி வரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரைப் பஸ் ஏற்றிவிட்டு நீங்கள் இறங்குங்கள்.