மின்விசிறி போட அனுமதி கேட்கும் தாய்

கேள்வி: நான் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். 74 வயதான என் அம்மா எட்டு மாதமாக என்னிடமும் என் மனைவியிடமும் தாமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. மருத்துவர் குறையொன்றும் இல்லை என்கிறார். தங்கையிடம் மட்டும் தொலைபேசியில் பேசுகிறார். நான் அருகில் போனால் நிறுத்திவிடுகிறார். அப்பா வைப்பு நிதிப் பணத்தில் கட்டிய வீட்டைக் கடந்த ஆவணியில் அம்மாவே விரும்பி என் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சண்டை இல்லை; மின்விசிறி போடுவதென்றால்கூட எங்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார். எல்லோருக்கும் பேச்சுச் சுதந்திரம் உள்ள வீடு எங்களுடையது. அவரைப் பேசவைப்பது எப்படி?

பதில்: உங்கள் தாயாரின் அனுசரணைக்குச் சான்றாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மின்விசிறி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கத்திரி வெயிலில், தம் கணவர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில், ஒரு பொத்தானை அழுத்த அவர் மகனிடம் உத்தரவு கேட்கிறார். முதல் முறை கேட்டபோதே, “இதென்னம்மா கேள்வி?” என்று நீங்கள் பதறியிருந்தால் அவர் மறுமுறை கேட்டிருக்கமாட்டார். ஆனால் நீங்கள் “போட்டுக்கொள்ளுங்கள்” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். வீட்டுக்காரர் யார், அண்டியிருப்பவர் யார் என்பது அந்த ஒரு சொல்லில் முடிவாகிவிட்டது.

எட்டு மாதத்தை ஒரு வரியிலும் ஆவணியை இன்னொரு வரியிலும் எழுதியிருக்கிறீர்கள். பாடம் நடத்தும் உங்களுக்கு இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லையா? எழுதிக் கொடுத்துவிட்டு வாயடைத்துப்போன பெற்றோரின் கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. கையில் சொத்து இருந்தவரை அவர்கள் சொன்னது அறிவுரையாக இருந்தது. கைமாறிய மறுநாளே அது தொணதொணப்பாகிவிட்டது.

பேச்சுச் சுதந்திரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை நீங்கள் வகுப்பில் விளக்கியிருப்பீர்கள். கேரளத்தில் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றும், தங்கள் மதநம்பிக்கையின்படி பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது தவறு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்தப் பாடத்தோடு சேர்ந்ததுதான். வாய் திறக்காதிருக்கும் உரிமையும் கருத்துரிமைக்குள் அடங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மௌனம் அவர்களே தேர்ந்துகொண்டது. உங்கள் தாயாரின் மௌனம், ஏதேனும் சொன்னால் என்ன பதில் வருமோ என்ற அச்சத்தில் வந்தது. அச்சத்தில் அடங்கிய வீட்டைச் சண்டையில்லாத வீடு என்று நீங்கள் பெருமையாக எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் கவனிக்கத் தவறினால் செல்லாததாக்க அதன் 23-ஆவது பிரிவு வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் அதற்குக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் தாயார் அங்கே போகமாட்டார். பெற்ற மகனை அதிகாரி முன் நிறுத்த அவருக்கு மனம் வராது. அப்படி மனம் வராத தாயிடம் மகன் பட்டிருக்கும் கடன் சட்டம் சொல்வதைவிடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். வேளைக்குச் சோறும் மருந்தும் கொடுப்பதால் மட்டும் அது தீர்ந்துவிடாது.

பத்திரத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். ஆயுள் உள்ளவரை அவர் அந்த வீட்டில் இருந்து அனுபவித்துக்கொள்ளலாம் என்ற வாசகம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, அந்த உரிமையை உங்கள் செலவிலேயே அவருக்கு எழுதிப் பதிவு செய்து, அசலை அவர் கையில் கொடுங்கள். வீட்டு வரி ரசீதும் மின்கட்டண அட்டையும் பழையபடி அவருடைய பீரோவுக்கே போகட்டும். மாதச் செலவை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இத்தனையும் செய்த பிறகும் அவர் பேசாமல் இருக்கலாம். ஏன் பேசவில்லை என்று ஒருநாளும் கேட்காதீர்கள். தங்கையிடமிருந்து அழைப்பு வந்தால், அவர் பேசி முடிக்கும்வரை அந்த அறைப்பக்கமே போகாதீர்கள்.