அறுகோணக் கட்டங்களில் ஸ்வரங்கள்: தொடுதிரை இசைக்கருவி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டேப்லெட்டில் பியானோ கீகளையே வரைந்துவிடலாமே, அறுகோணம் எதற்கு?

பதில்: பியானோவில் சுருதி மாறினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி வரும், விரல் அமைப்பையும் மாற்ற வேண்டும். ஒரே வடிவக் கட்டங்களைச் சீராகப் பதித்து, எந்தத் திசையில் போனால் எவ்வளவு ஏறும் என்று நிர்ணயித்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை. விரல் பாதையை ஒருமுறை பழகினால் எல்லாச் சுருதிக்கும் அதுதான். கையை நகர்த்தினால் போதும். இது தொடுதிரைக்கு மிக முந்தைய யோசனை. சுவிட்சர்லாந்தின் காஸ்பர் விக்கி 1896இல் கான்செர்டினா (கையால் விரித்துச் சுருக்கி வாசிக்கும் சிறு துருத்தி வாத்தியம்) வகைப் பொத்தான் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு பிரையன் ஹெய்டன் தனியாகவே அதே அமைப்பை வந்தடைந்தார்.

கேள்வி: அந்த விக்கி-ஹெய்டனில் ஸ்வரங்கள் எப்படி அமையும்?

பதில்: வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் 2 அரைச்சுரம் ஏறும் (கறுப்பும் சேர்த்து, பியானோவில் அடுத்தடுத்த இரு கீகளின் இடைவெளிதான் ஓர் அரைச்சுரம்). மேல்-இடது 5, மேல்-வலது 7. ஸ வைத்த கட்டத்திலிருந்து வலமாக ரி2, க3 (எண், அந்த ஸ்வரத்தின் எந்த வகை என்பதைக் காட்டும்). மேல் வரிசையில் ம1, ப, த2, நி3 நான்கும் வரிசையாக. அதற்கும் மேலே, முதல் ஸ-வுக்கு நேர் செங்குத்தாக, மேல் ஸ. சங்கராபரண ராகம் முழுக்க ஒரு கைக்குள் வந்துவிடும்! கட்டங்களின் மையங்களுக்கிடையே 15 மி.மீ. விட்டால் ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை) வெறும் 26 மி.மீ. பியானோவில் அது சுமார் 16 செ.மீ.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். மாயாமாளவகௌளை ராகம் வருமா சார்?

பதில்: வரும், ஆனால் சுகமாக வராது. ஸ-வைவிட ஓர் அரைச்சுரம் மட்டுமே ஏறிய ரி1, மேல் வரிசையில் இரண்டரைக் கட்டம் இடப்பக்கம் தள்ளிக் கிடக்கும். ப-த1 தூரமும் அதேதான். விரலை இழுத்தால் நடுவில் வேண்டாத கட்டங்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் பாடுவது) முக்கியம் என்றால் சதுரக் கட்டத்தையே சொல்வேன்: வலமாக ஒவ்வொரு அரைச்சுரம், மேலே 5. பேஸ் கிடார் தந்திகளும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. ரோஜர் லின் செய்த லின்ஸ்ட்ருமென்ட் என்ற கட்டப்பலகைக் கருவியில் வழக்கமாக இதே ஏற்பாடு. அதில் விரலை வழுக்கினால் சுரமும் வழுக்கிச் செல்லும்.

கேள்வி: பென்ரோஸ் ஓடுகளை (ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வராமல் தளத்தை நிரப்பும் ஓடுகள்) வைத்துச் செய்தால் அழகாக இருக்குமே?

பதில்: பார்க்க ரொம்ப அழகு. ஆனால் அந்தக் கோலத்தை எவ்வளவு நகர்த்தினாலும் தன்மேல் தானே முழுதாகப் பொருந்தாது. அப்படியானால் ஓரிடத்தில் கற்ற விரல் பாதை அடுத்த இடத்தில் உதவாது. தாளக் கருவிக்கு, ஓட்டுக்கு ஒரு சத்தம் என்று வைத்துப் பாருங்கள், நன்றாக இருக்கும். மெட்டு வாசிக்க வேண்டாம்.

கேள்வி: தட்டிய பிறகு தாமதமாக ஒலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றி, வயர் உள்ளதை மாட்டுங்கள். அப்புறம் ஆப்பில் பஃபர் அளவு (ஒலிக்கும் முன் சேர்த்துவைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) மாற்ற வழி இருந்தால் 256க்குக் குறையுங்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் (48,000 ஹெர்ட்ஸ்) என்றால் அது சுமார் 5 மில்லிசெகண்ட்தான். இன்னொன்று: திரைக் கண்ணாடியில் கட்டத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாது, ஆகவே எல்லா ஸ-வுக்கும் ஒரே நிறம் கொடுத்துவிடுங்கள்.